குலுக்கலுக்கு வராத மான்கள்: நியூ மெக்ஸிகோ காட்டுயிர் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர்களுக்கு,

வணக்கம். உங்கள் கூட்டங்களில் பொதுமக்கள் பேச ஆளுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கின்றன. நேரம் முடிந்ததும் மைக்கை விட்டு நகர வேண்டும். எனக்குச் சொல்ல இருப்பது அதற்குள் அடங்காது. தவிர, துப்பாக்கியைத் தொட்டறியாத, இறைச்சியும் அதிகம் உண்ணாத ஒரு தமிழன் எழுந்து நின்று எல்க் மான் வேட்டைச் சீட்டைப் பற்றி, அதாவது ஒரு எல்க்கைச் சுடுவதற்கான அனுமதியைப் பற்றிப் பேசினால், பேச்சைக் கேட்பவர்களைவிட ஆளைப் பார்ப்பவர்களே அதிகம் இருப்பார்கள். எனவே எழுதுகிறேன். இதன் ஆங்கிலப் படி உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வருகிறது. தமிழில் வெளியிடுவதற்கும் காரணம் உண்டு. ஆல்புகர்க்கியிலும் லாஸ் அலமோஸிலும் இருக்கும் எங்கள் மக்கள் செப்டம்பர் பிறந்ததும் வயேஸ் கால்டெரா என்ற மலைப் புல்வெளிக்குக் காரில் போய், எல்க் கூட்டத்தைப் படம் எடுத்து, ஊரில் இருக்கும் உறவினர்களுக்கெல்லாம் அனுப்பி வைக்கிறார்கள். அந்த மான்களைக் காக்கும் செலவு யார் தலையில் விழுகிறது என்று அவர்கள் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்த மடலில் பாதி அவர்களுக்கும்தான்.

அவர்களுக்காக நடைமுறையைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. ஆணையர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எல்க், நம் மிளாவுக்கு உறவு. உருவத்தில் மிளாவை மிஞ்சியது. நன்கு வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். இந்த வறண்ட தென்மேற்கு நிலத்துக்கே உரியதாயிருந்த மெரியம் எல்க், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சுட்டுத் தீர்க்கப்பட்டுவிட்டது. இன்று இந்த மாநிலத்தின் ஹேமெஸ் மலையிலும் ஹீலா வனத்திலும் திரிபவை யெல்லோஸ்டோன் போன்ற வடக்குப் பகுதிகளிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ராக்கி மலை எல்க்குகளின் வழிவந்தவை. அவற்றை மீண்டும் பெருக வைத்த செலவில் பெரும்பங்கு வேட்டைக்காரர்கள் கட்டிய உரிமக் கட்டணம்தான். வேட்டையை எதிர்ப்பவர்களும் இந்த உண்மையை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

எல்க் வேட்டைக்குப் போக விரும்பும் ஒருவர் மார்ச் மாதத்துக்குள் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உரிமத்துக்கான பணத்தை முன்னதாகவே கட்டிவிட்டுக் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். சீட்டு விழாவிட்டால் பணம் திரும்பி வரும். பக்கத்து மாநிலங்களில் தோற்ற ஆண்டுகளுக்கெல்லாம் புள்ளி சேர்த்து வரிசையில் முன்னேறலாம். இங்கே அது கிடையாது. இருபது ஆண்டாகத் தோற்றவரும் முதன்முறை விண்ணப்பிக்கும் பள்ளிப் பிள்ளையும் ஒரே நிலைதான். எனக்கு இந்த ஒழுங்கு மிகவும் பிடித்திருக்கிறது. பணமும் செல்வாக்கும் வயதும் எடுபடாத இடம் இந்த நாட்டில் அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. குலுக்கலில் 84 விழுக்காடு மாநிலவாசிகளுக்கு, 10 விழுக்காடு வேட்டை ஏற்பாட்டாளர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வருபவர்களுக்கு, 6 விழுக்காடு தாமாக வரும் வெளிமாநிலத்தாருக்கு என்று சட்டமே பங்கு பிரித்திருக்கிறது.

இந்த 84 என்ற எண்ணைத்தான் எல்லாக் கூட்டங்களிலும் எடுத்துச் சொல்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது குலுக்கலுக்குள் வந்து சேர்ந்த சீட்டுகளில் 84. குலுக்கலுக்கே வராத சீட்டுகள் வேறு இருக்கின்றன.

ஈ-பிளஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தனியார் நில எல்க் திட்டத்தைத்தான் சொல்கிறேன். எல்க் நிரந்தரமாக வாழும் முக்கிய மண்டலங்களில், தனியார் நிலத்தின் பங்கைக் கணக்கிட்டு, அதற்கு ஏற்ப ஒரு தொகுதிச் சீட்டுகளை மாநிலக் காட்டுயிர்த் துறை நில உரிமையாளர்களுக்கு ஒதுக்குகிறது. சில சீட்டுகள் அந்த ராஞ்சுக்குள், அதாவது அந்த உரிமையாளரின் மேய்ச்சல் பண்ணைக்குள் மட்டும் செல்லும். வேறு சில அந்த வேட்டைப் பகுதி முழுவதற்கும் செல்லும். அதாவது பொது வனங்களிலும் அதைக் கொண்டு வேட்டையாடலாம். அதற்குப் பதிலாக உரிமையாளர் தம் நிலத்தை எல்க் உரிமம் வைத்திருக்கும் எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும். இந்தச் சீட்டை உரிமையாளர் தாமே பயன்படுத்தலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம், விற்கலாம். விற்கும் விலை அவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான பேச்சு. மாநிலத்துக்கு அதில் காசு இல்லை. வாங்கியவர் அந்தச் சீட்டைக் காட்டித் துறையிடம் வழக்கமான கட்டணத்தில் உரிமம் எடுத்துக்கொள்வார். அந்தக் கட்டணம் மட்டும் மாநிலத்துக்கு. பெரிய கொம்புகளுக்குப் பேர்போன ஹீலா பகுதிகளில் ஒரு ஆண் எல்க் சீட்டு பல ஆயிரம் டாலருக்குப் போகிறது.

என் பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். தமக்கும் மகளுக்கும் சேர்த்து விண்ணப்பிப்பார். முடிவு வரும் நாளில் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, அப்பாவும் மகளுமாக ஒவ்வொரு வேட்டை எண்ணாகப் பார்த்து வருவார்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே 'கிடைக்கவில்லை' என்று இருக்கும். சென்ற முறை நான் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன். மகள் அதே மேசையில் தன் தொலைபேசியை எடுத்து, விற்பனைக்கு வந்திருக்கும் நில உரிமையாளர் சீட்டுகளின் பட்டியலைக் காட்டினாள். அவர்கள் விண்ணப்பித்துத் தோற்ற அதே பகுதி, அதே அக்டோபர் வாரம், அதே ஆண் எல்க். கீழே விலை. அவள் அப்பாவின் பல மாதச் சம்பளம். 'சீக்கிரம் தொடர்புகொள்ளுங்கள், சிலவே மிச்சம்' என்று ஒரு வரி வேறு. பேருந்து ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை. கணினியை மூடிவிட்டு நாய்க்குச் சோறு வைக்கப் போனார்.

அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்ததைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். குலுக்கல் என்றால் தோற்பதும் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒரே மந்தைக்கு இரண்டு விதமான கணக்கு இருப்பது துரதிர்ஷ்டமல்ல, விதி. நீங்கள் எழுதிய விதி.

இப்போது கட்டணத்துக்கு வருகிறேன். 2025-இல் சட்டமன்றம் நிறைவேற்றி ஆளுநர் கையெழுத்திட்ட சட்டம் துறையின் பெயரை மாற்றியது, அதன் பொறுப்பை விரித்தது, ஏறத்தாழ 20 ஆண்டுகளாகத் தொடாமல் வைத்திருந்த உரிமக் கட்டணங்களை 2026 ஏப்ரல் முதல் உயர்த்தியது. உயர்வை நான் எதிர்க்கவில்லை. 2006-இல் வாங்கிய பெட்ரோலின் விலைக்கு இன்று வனக்காவலரின் வண்டி ஓடாது. ஆனால் உயர்வு யார் மீது விழுகிறது என்று பாருங்கள். குலுக்கலில் வென்றவரும் புதிய கட்டணம் கட்டுகிறார். பல ஆயிரம் டாலர் கொடுத்துத் தனியார் சீட்டு வாங்கியவரும் அதே கட்டணம் கட்டுகிறார். முன்னவருக்கு அது வீட்டுச் செலவில் வெட்டு. பின்னவர் வாங்கிய சீட்டின் விலைக்கு முன்னால் அது சில்லறை. அந்தப் பெரிய தொகையில் ஒரு பைசாவும் எல்க் மானுக்கோ, அது தின்னும் புல்லுக்கோ போய்ச் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. காட்டுயிர் பாதுகாப்புக்காக என்று சொல்லிக் கட்டணத்தை உயர்த்தும்போது இதை மட்டும் தொடாமல் விட்டது எப்படி?

சீட்டை விலைக்கு விடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. இதே மாநிலத்தில் பெருங்கொம்பு ஆட்டுக்கான சீட்டை ஏலம் விடுகிறீர்கள். பணம் படைத்தவர் ஒருவர் அதைப் பெருந்தொகைக்கு எடுக்கிறார். அந்தப் பணம் ஆட்டுக்கே திரும்புகிறது. 1980-இல் அழியும் நிலையில் இருப்பதாக மாநிலம் அறிவித்த பாலைவனப் பெருங்கொம்பு ஆடு 2011-இல் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கியது. அந்த மீட்சியில் ஏலப் பணத்துக்கும் பங்கு உண்டு. பணக்காரரின் ஆசையைப் பொதுக் காரியத்துக்குத் திருப்பிவிடும் வித்தை உங்களுக்குத் தெரியாததல்ல. எல்க் விஷயத்தில் அதே ஆசையை ஏன் தனியார் வாசலிலேயே இறக்கிவிடுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

ராஞ்சுக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அது சின்ன நியாயம் அல்ல. மாநிலத்தின் வடக்கே சாமா ஆற்றை ஒட்டி, அசேக்கியா வாய்க்காலில் தண்ணீர் பாயும் ஒரு குதிரைமசால் வயலுக்கு ஒரு குளிர்காலக் காலையில் போயிருந்தேன். அசேக்கியாவைத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. முறை வைத்துத் தண்ணீர் விடுவது, வசந்தத்தில் ஊர் கூடித் தூர் வாருவது, மடை திறக்க மயோர்தோமோ என்று ஒருவர் என எல்லாம் நம் ஏரிப்பாசனத்தின் குடிமராமத்தும் நீர்க்கட்டியும்தான். அந்த வயலின் சொந்தக்காரர் தம் தீவனப் போரைக் காட்டினார். அடுக்கி வைத்த கட்டுகளின் நடுவில் ஒரு எல்க்கின் தலையும் கழுத்தும் நுழையும் அளவுக்குக் குடைந்திருந்தது. தின்றதைவிட இழுத்துப் போட்டு மிதித்தும், மேலே சிறுநீர் கழித்தும் கெடுத்ததுதான் அதிகம். அந்த வாடை அடித்த தீவனத்தை மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். வேலியில் மேல் கம்பி அறுந்து தொங்கியது. முட்களில் தவிட்டு நிற மயிர். தாய்மான்கள் தாண்டிவிடும், குட்டிகள் தாண்ட முடியாமல் கம்பிக்குள் நுழையப் பார்க்கும், அங்கேதான் சிக்கும் என்றார். அவருக்கு எல்க் மீது கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. யாரிடம் கோபப்படுவது என்பதில்தான் அவருக்குக் குழப்பம்.

கொலராடோவில் இப்படி ஒரு சேதம் நடந்தால் மாநிலம் பணமாக இழப்பீடு தர வேண்டும். அங்கே அது சட்டக் கடமை. நியூ மெக்ஸிகோவில் வேலிப் பொருள் தருவீர்கள், விரட்ட உதவுவீர்கள், தேவைப்பட்டால் சேதம் செய்யும் மான்களைக் குறைக்கத் தனி வேட்டை வைப்பீர்கள். 1997-இல் வந்த சட்டப்படி, பயிரை அழிக்கும் விலங்கை உடனடி ஆபத்து என்று கருதினால் நில உரிமையாளரே சுடலாம். சுட்டுப் போட்டால் தீவனம் திரும்பி வருமா? பெருவிலங்கு உரிமம் எடுக்கும் ஒவ்வொரு வேட்டைக்காரரிடமும் பயிர்ச்சேதத்துக்கென்று தனி முத்திரைப் பணம் வேறு பல ஆண்டுகளாக வாங்கி வந்திருக்கிறீர்கள். ஆக, சேதத்துக்கு ஈடுகட்ட வேண்டும் என்பதை மாநிலம் ஒப்புக்கொண்டே இருக்கிறது. ஈடாகக் கொடுக்கும் பொருள்தான் தவறு.

சாமா பள்ளத்தாக்கின் அந்த விவசாயிக்கு ஈ-பிளஸ் என்ன கொடுக்கிறது? அவருடைய நிலம் சிறிது. கணக்குப் போட்டால் முழுதாக ஒரு சீட்டுகூட வராது. அப்படிப்பட்ட சிறு நிலங்களை எல்லாம் ஒரு கூடையில் போட்டு, அவர்களுக்குள் ஒரு குலுக்கல் நடத்துகிறீர்கள். அதில் விழுந்தால் ஓர் ஆண்டுக்கு ஒரு சீட்டு. விழாவிட்டால் இல்லை. எல்க் மட்டும் குலுக்கல் பார்த்து வருவதில்லை, எல்லா ஆண்டும் வருகிறது. பல்லாயிரம் ஏக்கர் மலையும் புல்வெளியும் வைத்திருக்கும் ராஞ்சுக்கோ கைநிறையச் சீட்டுகள், ஆண்டு தவறாமல். ஒரே திட்டத்தில் சேதப்படுபவர் குலுக்கலுக்குப் போகிறார், பெரிய பரப்பு வைத்திருப்பவர் போவதில்லை. இழப்பீடு என்ற பெயரை இதற்கு எப்படி வைக்க முடியும்?

பெரிய ராஞ்சுகளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. வெர்மெஹோ போன்ற பெரிய ராஞ்சுகளில் தனியார் பணத்தில் நடந்த நிலச் சீரமைப்பை யாரும் மறுக்க முடியாது. பெரிய நிலம் பெரிய நிலமாகவே இருப்பது எல்க்குக்கு நல்லது. நாளை அந்தப் பரப்பைத் துண்டு துண்டாக்கி மனைகளாக விற்று, ஒவ்வொரு மனைக்கும் ஒரு வேலியும் இரண்டு நாய்களும் வந்துவிட்டால், குளிர்காலத்தில் மலையிறங்கும் மந்தைக்குப் போக்கிடம் இல்லை. 2019-இல் காட்டுயிர் வழித்தடங்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. அந்தச் சட்டம் காக்க நினைக்கும் வழித்தடங்கள் தனியார் நிலத்தின் ஊடாகவும் போகின்றன. நிலத்தைத் திறந்து வைப்பவருக்கு, புல்லை விட்டுக்கொடுப்பவருக்கு, மாநிலம் பணம் கொடுக்கட்டும். வாடகை என்றே பெயர் வைத்துக் கொடுக்கட்டும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பொதுச்சொத்தான விலங்கைக் கொல்லும் உரிமையை அச்சடித்து, இதை விற்று உன் கடனைத் தீர்த்துக்கொள் என்று கையில் கொடுப்பதில்தான் எனக்கு வருத்தம்.

வடக்குக் கிராமங்களில் இந்த வருத்தம் கசப்பாகவே இருக்கிறது. அதற்குக் காரணம் எல்க் அல்ல, நிலம். 1848-இல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையில் இந்தப் பகுதி மெக்ஸிகோவிடமிருந்து அமெரிக்காவுக்குக் கைமாறியபோது, ஸ்பானிய, மெக்ஸிக அரசுகள் ஊர்களுக்கு வழங்கியிருந்த மானிய நிலங்கள் மதிக்கப்படும் என்று வாக்குக் கொடுத்தார்கள். ஊர்ப் பொதுவான மேய்ச்சலும் விறகும் வேட்டையும் அந்த நிலங்களில்தான். 1897-இல் உச்ச நீதிமன்றம் சாந்தோவால் வழக்கில் ஊர்ப்பொது நிலம் அரசுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. சில தேசிய வனமாயின. சில வழக்கறிஞர்கள் கைவழியே ராஞ்சுகளாயின. 1967-இல் வடக்கே தியெரா அமரில்யா என்ற ஊரின் நீதிமன்றத்துக்குள் ஆயுதத்தோடு நுழைந்தவர்கள் பேசியதும் இந்த நிலங்களைத்தான். அந்த ஊர்களில் இன்றும் ஒரு எல்க் விழுந்தால் உறைபெட்டி நிறையும், குளிர்காலம் முழுக்க ஒரு குடும்பம் சாப்பிடும். பாட்டன் ஊர்க்காடாக நுழைந்த மலைக்கு, பேரன் இணையத்தில் விண்ணப்பித்துத் தோற்றுவிட்டு, வேறு மாநில எண் பலகை மாட்டிய வண்டிகள் ராஞ்சின் கதவைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். விதி எழுதும்போது உங்கள் மேசையில் இருக்கும் வரைபடத்தில் இந்த வரலாறு தெரியாது.

பழங்குடி நாடுகளின் நிலத்தை இதோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. அவர்களும் வெளியாருக்கு எல்க் அனுமதி விற்கிறார்களே என்று கூட்டங்களில் சிலர் கேட்கிறார்கள். மெஸ்கலேரோ அப்பாச்சே பழங்குடியின் வழக்கில் 1983-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவர்கள் நிலத்தில் நடக்கும் வேட்டையில் மாநிலத்துக்கு வேலை இல்லை என்று ஒருமனதாகத் தீர்த்துவிட்டது. அவர்கள் அரசு, தங்கள் மந்தையைத் தாங்களே பேணி, வரும் பணத்தைப் பொதுவில் வைக்கிறார்கள். ராஞ்ச் என்பது தனிச்சொத்து. இரண்டும் ஒன்றல்ல.

நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பதும், அதன் மேல் நடமாடும் விலங்குக்கும் ஓடும் நீருக்கும் சொந்தக்காரர் யார் என்பதும் வேறு வேறு கேள்விகள் என்று நீதிமன்றங்கள் இந்தப் பகுதியில் தொடர்ந்து சொல்லி வருகின்றன. 2022-இல் இந்த மாநில உச்ச நீதிமன்றமே, தனியார் நிலத்தின் ஊடாக ஓடினாலும் ஆற்றில் இறங்கி நடந்து மீன்பிடிக்கப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு என்றது. ஆற்றை மூடிச் சான்றிதழ் கொடுத்தது வேறு யாருமில்லை, உங்களுக்கு முன்னிருந்த ஆணையம்தான். வயோமிங்கில் நான்கு வேட்டைக்காரர்கள் தனியார் மண்ணில் கால் படாமல், பொது நிலத்தின் ஒரு மூலையிலிருந்து அடுத்த பொது நிலத்தின் மூலைக்கு இரும்பு ஏணி வைத்துத் தாண்டினார்கள். நிலத்துக்கு மேலே இருக்கும் காற்றில் அத்துமீறினார்கள் என்று ராஞ்சு வழக்குப் போட்டது. 2025-இல் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நியூ மெக்ஸிகோவும் அந்த நீதிமன்ற எல்லைக்குள்தான் வருகிறது. ஏணியைத் தூக்கிக்கொண்டு மலையேறியவர்களின் பிடிவாதத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வருகின்றன.

இனி எங்கள் பக்கத்துக்கு, அதாவது வேட்டையாடாதவர்கள் பக்கத்துக்கு வருகிறேன்.

1937-ஆம் ஆண்டுப் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு, கைத்துப்பாக்கிக்கு 10 விழுக்காடு கலால் வரி. அந்தப் பணம் மாநிலத்தின் பரப்பையும் உரிமம் எடுத்தவர்களின் எண்ணிக்கையையும் பார்த்துப் பகிரப்படுகிறது. மாநிலம் ஒரு டாலர் போட்டால் மூன்று டாலர் வருகிறது. உரிமக் கட்டணத்தை வேறு காரியத்துக்குத் திருப்பினால் அந்தப் பணம் நின்றுவிடும். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு. ஆனால் உங்கள் துறையே இப்படி வேட்டைக்காரரின் பையை நம்பி வளர்ந்ததால், வேட்டையாடக்கூடிய விலங்குக்கே ஆளும் பணமும் கிடைத்தன. தவளைக்கும் வண்டுக்கும் உரிமம் எடுப்பவர் இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க ஆண்டுக்குச் சுமார் 140 கோடி டாலர் மாநிலங்களுக்குத் தரும் மசோதா ஒன்று 2022 ஜூனில் கீழவையில் நிறைவேறி, செனட்டில் முடங்கிப் போனது. வாஷிங்டனிலிருந்து வரும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

மற்ற மாநிலங்கள் காத்திருக்கவில்லை. மிசூரி மக்கள் 1976-இல் தாங்களே வாக்களித்து விற்பனை வரியில் எட்டில் ஒரு சதவீதத்தைக் காட்டுக்கும் காட்டுயிருக்கும் ஒதுக்கினார்கள். மினசோட்டா 2008-இல் எட்டில் மூன்று சதவீதம் கூட்டியது. அதில் ஒரு பங்கு காட்டுயிர் வாழிடத்துக்குப் போகிறது. கொலராடோவில் 2023 முதல் வண்டிப் பதிவோடு பூங்காக் கட்டணமும் சேர்ந்து வருகிறது (தொடங்கியபோது 29 டாலர்), வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம். இங்கே 2023-இல் 10 கோடி டாலரோடு நில மரபு நிதி ஒன்று தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். ஆனால் ஆல்புகர்க்கியில் வீடு வாங்கி, வார இறுதியில் மலைக்குப் போகும் என்னைப் போன்றவரிடமிருந்து எல்க் மானுக்கு என்று நேராக ஒரு டாலரும் இன்னும் போகவில்லை.

தமிழ் நண்பர்களே, இந்த இடத்தில் நம்மைத்தான் சொல்கிறேன். வயேஸ் கால்டெராவை மத்திய அரசு 2000-இல் சுமார் 10 கோடி டாலர் கொடுத்து ஒரு குடும்பத்திடமிருந்து வாங்கியது. அதனால்தான் 4-ஆம் எண் நெடுஞ்சாலையின் ஓரத்தில் நின்று, புல்வெளிக்கு அப்பால் ஆண் எல்க் கூவுவதை நாம் கேட்க முடிகிறது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து இவ்வளவு மெல்லிய ஊதல் எப்படி வருகிறது என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். பனி கொட்டியதும் அந்தக் கூட்டம் இறங்கிப் போய்விடும். யாருடைய வேலிக்குள், யாருடைய தீவனத்துக்கு என்று நமக்குக் கவலை இல்லை. வேட்டையைக் கொடுமை என்று சொல்லிக்கொண்டு, வேட்டைக்காரர் கட்டிய பணத்தில் வாழும் மானைப் படம் எடுப்பதில் கொஞ்சம் கூச்சமாவது இருக்க வேண்டாமா?

நாம் வந்த மண்ணிலும் இந்தக் கதை உண்டு. 1879-இல் நீலகிரிக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்றைச் சென்னை மாகாணம் கொண்டுவந்தது. உரிமம், கட்டணம், வேட்டை கூடாத பருவம் எல்லாம் வந்தன. கட்டணம் கட்டிச் சுட்டவர்கள் துரைமார்கள். வாசலுக்கு வெளியே நின்றவர்கள் மலைவாசிகள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை நின்றது, செலவை அரசு ஏற்றது. சத்தியமங்கலம் காட்டோர விவசாயி இன்றும் பரணில் பட்டாசோடு விழித்திருந்து, சேதத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார். வேட்டையை ஒழிப்பதால் இந்தச் சிக்கல் தீர்வதில்லை என்று தெரிந்துகொள்ள நமக்கு நியூ மெக்ஸிகோ தேவையில்லை.

ஆணையர்களே, எல்க் வேட்டை விதிகளை நான்காண்டுக்கு ஒருமுறை திருத்தி எழுதுகிறீர்கள். அடுத்த திருத்தத்தின்போது நான் கேட்பவை இவை. ஒவ்வொரு வேட்டைப் பகுதியிலும் எத்தனை சீட்டு குலுக்கலுக்குப் போயிற்று, எத்தனை நில உரிமையாளருக்குப் போயிற்று, அவற்றில் மாநிலவாசிகள் பயன்படுத்தியவை எத்தனை என்பதை ஒரே பக்கத்தில், பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்குப் புரியும்படி, ஆண்டுதோறும் வெளியிடுங்கள். 84 விழுக்காட்டை மொத்தத்தில் கணக்கிடுங்கள். பொது வனத்துக்கும் செல்லும் சீட்டை விற்க அனுமதிப்பதை முதலில் நிறுத்துங்கள். பொது நிலத்தில், பொது விலங்கை, தனியாரிடம் விலைக்கு வாங்கிய உரிமையோடு சுடுவது எந்த நியாயத்திலும் அடங்காது. ராஞ்சுக்குள் மட்டும் செல்லும் சீட்டு ஒரேநாளில் போக வேண்டாம். அதை நம்பி வங்கிக் கடன் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விற்கும் விலையைத் துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும், அதில் ஒரு பங்கு எல்க் வாழிடத்துக்கு வர வேண்டும் என்றும் விதி எழுத முடியும். உங்களுக்கு அதிகாரம் போதாது என்றால் சட்டமன்றத்திடம் கேளுங்கள். கட்டண உயர்வுக்குக் கேட்டுப் பெற்ற வாய் அதற்கும் இருக்கிறது.

இழப்பீட்டைப் பணமாகக் கொடுங்கள். சிறு நிலத்துக்கு முதலில், அதே பருவத்திலேயே. அதற்கு வேண்டிய நிதிக்கு எங்களிடம் வாருங்கள். வண்டிப் பதிவோடு சேர்த்தாலும் சரி, விற்பனை வரியில் ஒரு துளி கூட்டினாலும் சரி, இந்த மாநிலத்துத் தமிழ் வீடுகளில் ஆதரவுக் கையெழுத்து வாங்கித் தரும் வேலையை நான் செய்கிறேன். பொங்கல் விழாவில் வரிசையில் நிற்கும் கூட்டத்திடம் பேனாவை நீட்டினால் யாரும் தப்ப முடியாது.

கடைசியாக ஒன்று. இது பற்றிய பொதுவிசாரணையை வேலைநாள் காலை ஒன்பது மணிக்கு ஏதோ ஒரு ஓட்டல் அரங்கத்தில் வைக்காதீர்கள். அங்கே வரக்கூடியவர்கள் சம்பளத்துக்கு வருபவர்கள் மட்டுமே. ஒன்றை வடக்கே சாமா ஊரிலும் ஒன்றை ஹீலா பக்கத்து ரிசர்வ் என்ற ஊரிலும், மாலையில் வையுங்கள். ஜூன் மாதம் வேண்டாம், குதிரைமசால் முதல் அறுப்பு அப்போதுதான்.

இப்படிக்கு,
ஆல்புகர்க்கியில் வசிக்கும், வேட்டையாடாத ஒரு வாக்காளர்